கிளிப் இல்லாமல் கொடியில் துணி நிற்குமா?

கிளிப் தேவைப்படாத துணிக்கொடி அமைப்பது பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கே: இரண்டு சுவர்களுக்கு நடுவே 4 மீட்டர் இடம் இருக்கிறது. பிளாஸ்டிக் கிளிப்புகள் வெயிலில் நொறுங்குகின்றன, மரக் கிளிப்புகள் கறுத்துப்போகின்றன. கிளிப்பே வேண்டாதபடி கொடி கட்ட முடியுமா? அளவோடு சொல்லுங்கள்.

ப: முடியும். இரண்டு கயிறுகளை ஒன்றோடொன்று முறுக்கி, துணியின் முனையை அந்த இரு புரிகளுக்கு நடுவே செருகுவதுதான் இருப்பதில் எளிய வழி. கயிறு இழுபட்டு நிற்கும்போது புரிகள் ஒன்றையொன்று நெருக்கும். கிளிப்பின் வேலையை அந்த நெருக்கமே செய்துவிடும்.

5 மி.மீ. தடிமனுள்ள பாலியெஸ்டர் பின்னல் கயிறு 10 மீட்டர், 20 செ.மீ. நீளமுள்ள ஒரு கட்டை, சுவருக்கு மூன்று கொக்கிகள் ஆகியவை போதும். கட்டையின் நடுவில் 3 செ.மீ. இடைவெளியில் இரண்டு துளை போட்டுக்கொள்ளுங்கள். பின்னல் கயிறுதான் வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. மூன்று புரி முறுக்கிய கயிற்றுக்கு ஏற்கெனவே ஒரு திசை இருக்கிறது. அதற்கு எதிராகச் சுற்றினால் அதன் சொந்த முறுக்கு அவிழ்ந்து தொளதொளத்துப்போகும். அதே திசையில் சுற்றினால் முறுக்கு மிகையாகி, கை தளர்ந்த நொடியில் சுருண்டு சிக்கலாகும். பின்னல் கயிற்றுக்கு இந்தப் பிடிவாதம் குறைவு.

ஒரு சுவரில் ஒரு கொக்கி. எதிர்ச்சுவரில் ஒன்றின் கீழ் ஒன்றாக, 15 செ.மீ. இடைவெளியில் இரண்டு கொக்கிகள். கயிற்றைச் சரிபாதியாக மடித்து, மடிப்பை ஒற்றைக் கொக்கியில் மாட்டுங்கள். இரு முனைகளையும் கட்டையின் துளைகளில் நுழைத்து, கொக்கியிலிருந்து 4.4 மீட்டர் தள்ளிப் பின்புறம் முடிச்சிடுங்கள். எதிர்ச்சுவர் வழி மறித்தால், இந்த முறுக்கும் வேலையை மட்டும் நீளமான வேறிடத்தில் முடித்துக்கொண்டு வரலாம். இனிக் கயிற்றை விறைப்பாக இழுத்துப் பிடித்தபடியே கட்டையைச் சுற்ற வேண்டும். 3.5 செ.மீ.க்கு ஒரு சுற்று என்பது கணக்கு. 4 மீட்டருக்கு ஏறக்குறைய 115 சுற்று. சுற்றச் சுற்றக் கொடி குறுகும், நீங்களும் மெல்ல முன்னால் நகர்ந்துகொண்டே வரவேண்டும். முடிவில் 40 செ.மீ. அளவுக்குக் குறுகி 4 மீட்டரில் நின்றால் முறுக்கு சரியாக ஏறியிருக்கிறது என்று அர்த்தம். எண்ணிக்கை தவறிவிட்டாலும் இந்தக் குறுக்கத்தை அளந்து சரிபார்த்துக்கொள்ளலாம். கைவலிக்குப் பயந்து டிரில்லில் மாட்டிச் சுற்றுபவர்கள் மிக மெதுவான வேகத்தில் ஓட்டுங்கள். வேகமாகச் சுற்றினால் கொக்கிப் பக்கம் தளர்வாகவும் டிரில் பக்கம் நெருக்கமாகவும் முறுக்கேறும்.

கடைசியாக, கட்டையின் இரு முனைகளையும் அந்த இரண்டு கொக்கிகளோடு சிறு கயிறுகளால் கட்டிவிடுங்கள். கட்டை சுழலக் கூடாது. சுழன்றால் போட்ட முறுக்கெல்லாம் போய்விடும். இதே காரணத்தால், தானாகச் சுழலும் வளையம் உள்ள கொக்கிகளை இந்தக் கொடிக்கு வாங்காதீர்கள். ஒருநாள் ஈரத்துணி போட்டெடுத்த பிறகு கயிறு சற்று நீண்டிருக்கும். அப்போது இன்னும் ஒரு 10 சுற்று ஏற்றிக் கட்டினால் நிலைபெற்றுவிடும்.

கே: முறுக்கிய கொடியில் துணியை எப்படிச் செருகுவது? எனக்கு நகம் உடைந்ததுதான் மிச்சம்.

ப: விரலால் புரிகளைப் பிரிக்க முயன்றிருப்பீர்கள். அது வேண்டாம். கொடியை 8 செ.மீ. இடைவெளியில் இரு கைகளாலும் பிடித்து, முறுக்கு அவிழும் திசையில் கைகளை எதிரெதிராகத் திருப்புங்கள். நடுவில் கண் திறக்கும். துணியின் முனையை அதில் 3 செ.மீ. நுழைத்துவிட்டுக் கைகளை விட்டால் தானே மூடிக்கொள்ளும்.

எவ்வளவு நுழைப்பது என்பதைவிட எதை நுழைப்பது என்பது முக்கியம். ஓரத்தில் மடித்துத் தைத்த தடிப்பு இருக்கிறதல்லவா, அது புரிகளைத் தாண்டி மறுபக்கம் வந்துவிட வேண்டும். துணி பின்னால் நழுவப் பார்த்தால் அந்தத் தடிப்பு புரியில் இடித்து நிற்கும். தடிப்பு புரிகளுக்கு நடுவிலேயே நின்றுவிட்டால் அதுவே ஆப்புபோல இடைவெளியைத் திறந்து வைத்து, பக்கத்தில் இருக்கும் மெல்லிய துணியின் பிடியையும் கெடுக்கும். சட்டையைத் தலைகீழாக, பக்கத் தையல்கள் வரும் இரண்டு இடங்களில் செருகுங்கள். தோள்பட்டையில் செருகினால் புடைத்துக்கொண்டு நிற்கும். ஜீன்ஸின் இடுப்புப் பட்டை இதில் நுழையாது; கால் பக்கத்து ஓரத்தைச் செருகலாம், அல்லது பேசாமல் கொடியின் மேல் மடித்துப் போட்டுவிடலாம்.

கைகளைத் திருப்பியும் கண் திறக்கவில்லை என்றால் முறுக்கோ இழுவையோ அதிகம். தொட்டவுடனேயே திறந்துகொண்டால் இரண்டில் ஒன்று குறைவு.

கே: இதேபோல் முறுக்குக் கயிறு கட்டியிருக்கிறேன். ஈரமாக இருக்கும்வரை துணி அசையாமல் நிற்கிறது. நன்றாகக் காய்ந்த பிறகுதான் கழன்று பறக்கிறது. ஈரத்தில் கனமாக இருக்கும்போது விழாதது, லேசான பிறகு ஏன் விழ வேண்டும்?

ப: கொடி கட்டும் பெரும்பாலானோர் தவறவிடுவது இதைத்தான். ஈரத்துணியைத் தாங்குமா என்று பார்த்துத்தான் கொடி கட்டுகிறோம். ஆனால் சோதனை வருவது துணி காய்ந்த பிறகு.

நடப்பது இதுதான். ஈரத்துணியின் கனம் கொடியை இழுக்கிறது. இழுபடும் புரிகள் நெருக்குகின்றன. அதாவது உங்கள் கொடியின் பிடிக்கு விசை கொடுப்பதே துணியின் கனம்தான். கையால் பிழிந்த பருத்தித் துண்டின் எடை, காய்ந்த பிறகு ஏறக்குறையப் பாதியாகிவிடும். கொடியெங்கும் துணி காயக் காய இழுவை குறைகிறது, பிடி தளர்கிறது. காற்றின் விசையோ குறைவதில்லை. மணிக்கு 18 கி.மீ. வேகக் காற்று தன் முழு முகத்தையும் காட்டி நிற்கும் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் சுமார் 1.5 கிலோ விசையோடு அழுத்தும். வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்கு, அதாவது 6 கிலோ. தொங்கும் துணி வளைந்து கொடுப்பதால் இவ்வளவும் அதன்மேல் விழாது என்றாலும், அரைக் கிலோ துண்டைத் தூக்க இதில் ஒரு பங்கே போதும்.

ஆகவே, துணியின் கனத்தை நம்பாமல் கொடிக்குத் தனியாக ஒரு நிலையான இழுவை வேண்டும். நல்ல வழி, ஒரு முனையைச் சுவரில் கட்டாமல் கப்பி வழியாக எடை தொங்கவிடுவது. 10 லிட்டர் கேனில் நீர் நிரப்பினால் 10 கிலோ. ஒரு புரிக்கு 5 கிலோ இழுவை கிடைக்கும். முதல் பதிலில் சொன்ன முறுக்கு அளவில் இந்த இழுவைக்கு ஒவ்வொரு செ.மீ. நீளத்திலும் புரிகள் ஏறத்தாழ 3 கிலோ விசையோடு நெருக்கும். காலையில் ஈரம் சொட்டும்போதும் மாலையில் மொறமொறவென்று காய்ந்த பிறகும் இதே பிடிதான். பிடி அதிகமாகத் தெரிந்தால் இரண்டு லிட்டர் கொட்டிவிடலாம். இவ்வளவு எளிதாகச் சரிசெய்ய வேறெந்த அமைப்பிலும் முடியாது.

6 கிலோ துணி பரவலாக ஏறும்போது 4 மீட்டர் கொடி நடுவில் 30 செ.மீ. தொய்யும், கேன் 6 செ.மீ. மேலேறும். ஆகவே கப்பிக்கும் கேனுக்கும் நடுவே தாராளமாக இடம் விடுங்கள். கேன் தரையிலிருந்து 30 செ.மீ.க்கு மேல் உயரத்தில் தொங்க வேண்டாம். கயிறு அறுந்தால் யார் கால்மேலும் விழக் கூடாது.

ஒரு சிக்கல் வரும், முன்பே சொல்லிவிடுகிறோம். முறுக்கிய கொடி அவிழப் பார்க்கும். கேனோடு சேர்த்துச் சுழன்று அவிழ்ந்தும் விடும். அதற்கு, முறுக்கு முடியும் இடத்தில் உள்ள கட்டையைச் செங்குத்தாக நிறுத்தி, அதன் கீழ்முனையில் அரைக் கிலோ எடையைக் கட்டுங்கள். கட்டை சுழல வேண்டுமானால் அந்த எடையைத் தூக்கியாக வேண்டும். கொடியின் முறுக்குக்கு அவ்வளவு வலு கிடையாது. கட்டையின் நடுவிலிருந்து கப்பிக்கு ஒற்றைக் கயிறு போகட்டும். கேன் தொங்கவிட இடமில்லாதவர்கள் கட்டைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு வலுவான ஸ்பிரிங் வைக்கலாம். இழுவை கேன் அளவுக்குச் சீராக இருக்காது, ஆனால் விறைப்பாகக் கட்டிய வெறும் கயிற்றைவிட எவ்வளவோ மேல்.

கே: கிளிப் கண்டுபிடிப்பதற்கு முன் என்ன செய்தார்கள்?

ப: ஸ்பிரிங் வைத்த மரக் கிளிப்புக்கு 1853-ல் அமெரிக்காவின் வெர்மான்ட்டைச் சேர்ந்த டேவிட் எம். ஸ்மித் காப்புரிமை பெற்றார். அதற்கு முன்பு நடுவில் பிளவுபட்ட ஒற்றை மரத்துண்டைக் கொடியில் செருகினார்கள். அதுவும் இல்லாதவர்கள் வேலியிலும் புதரிலும் புல்தரையிலும் விரித்தார்கள். கவனித்தால், முள்வேலிதான் உலகின் முதல் கிளிப் இல்லாக் கொடி. துணியில் ஓட்டை விழும் என்பது மட்டுமே குறை.

கே: செருகுவதே வேண்டாம், சும்மா மேலே போட்டால் நிற்கும்படி கயிற்றைத் தேர்ந்தெடுக்க முடியாதா? தடித்த கயிறு போட்டால் பிடிப்பு கூடுமா?

ப: தடிமனுக்கும் இந்தப் பிடிப்புக்கும் சம்பந்தமில்லை. நம்ப மாட்டீர்கள், ஆனால் கணக்கு அப்படித்தான். வளைந்த பரப்பின்மேல் கிடக்கும் துணியோ கயிறோ வழுக்காமல் நிற்பதற்கு கணிதமேதை ஆய்லர் பெயரால் வழங்கும் சூத்திரம் ஒன்று உண்டு. அதில் கயிற்றின் தடிமன் இடம்பெறுவதே இல்லை. எவ்வளவு கோணம் சுற்றியிருக்கிறது, பரப்பு எவ்வளவு சொரசொரப்பு என்ற இரண்டு மட்டும்தான் கணக்கில் வரும்.

கொடியின் மேல் மடித்துப் போட்ட துணி அரைச் சுற்று சுற்றியிருக்கிறது. பிளாஸ்டிக் உறையிட்ட வழவழப்பான கம்பி என்றால் சொரசொரப்பைக் குறிக்கும் உராய்வு எண்ணை 0.2 என்று வைத்துக்கொள்ளலாம். ஒருபக்கம் மறுபக்கத்தைப்போல் 1.9 மடங்கு கனக்கும்வரைதான் துணி வழுக்காது. 0.3 என்றால் 2.6 மடங்கு. சொரசொரப்பான பருத்திக் கயிற்றில் 0.5 என்றால் 4.8 மடங்கு வரை தாங்கும். சொரசொரப்பைக் கொஞ்சம் கூட்டினாலே பலன் எப்படித் தாவுகிறது பாருங்கள். கைக்குட்டை போன்ற சிறு துணியைக் கொடியைச் சுற்றி ஒரு முழுச் சுற்று கூடுதலாகச் சுற்றிவிட்டால் 0.3-லேயே 17 மடங்கு ஆகிவிடும். சுற்றிய இடம் காய நேரமாகும் என்பது அதற்குக் கொடுக்கும் விலை.

ஆனால் இதெல்லாம் துணி பக்கவாட்டில் வழுக்கி விழாமல் இருப்பதற்கு மட்டும். காற்று துணியைக் கயிற்றிலிருந்து மேலே தூக்கிவிட்டால் அழுத்தம் போய்விடும், உராய்வும் கூடவே போய்விடும். காற்றில்லாத உள்ளறைக்குச் சொரசொரப்பான கயிறு போதும், வெளியில் போதாது. தடித்த கயிற்றுக்கும் ஒரு பலன் உண்டு: மடிப்புக் கோடு ஆழமாக விழாது.

கே: பெரிய படுக்கை விரிப்புகளைச் செருகிக் கட்டி முடியவில்லை. இரண்டு கொடி கட்டி இரண்டின் மேலும் போட்டால் பிடி கூடுமா?

ப: ஒரே உயரத்தில் இரண்டு கொடி கட்டினால் விரிப்பு சீக்கிரம் காயும், ஏனென்றால் இரு பக்கங்களும் ஒட்டாமல் நடுவில் காற்று போகும். பிடி கூடாது. ஒவ்வொரு கொடியிலும் கால் சுற்று, மொத்தம் அதே அரைச் சுற்றுதான்.

பிடி வேண்டுமானால் மூன்று கொடி கட்டுங்கள். பக்கவாட்டில் 15 செ.மீ. இடைவெளி, நடுக்கொடி மட்டும் மற்ற இரண்டையும்விட 15 செ.மீ. தாழ்வாக. விரிப்பை முதல் கொடியின் மேலே, நடுக்கொடியின் அடியில், மூன்றாவதின் மேலே என்று ஓடவிடுங்கள். சுற்றுக் கோணம் இப்போது ஒரு முழுச் சுற்றாகிவிடும், 0.3 உராய்வு எண்ணுக்கு 2.6 மடங்கு என்றிருந்தது 6.6 மடங்காகும். காற்று விரிப்பைத் தூக்கப் பார்த்தால் நடுக்கொடி மேலிருந்து தடுக்கும். மூன்றையும் ஒரே உயரத்தில் கட்டிவிட்டு ‘பலனே இல்லையே’ என்பவர்கள் உண்டு. நடுக்கொடியின் தாழ்வில்தான் எல்லாம் இருக்கிறது.

கே: எந்தக் கயிறு நல்லது?

ப: முறுக்குக் கொடிக்குப் பாலியெஸ்டர் பின்னல்தான் முதல் தேர்வு. வெயிலைத் தாங்கும், அதிகம் நீளாது. நைலான் வலுவானது, ஆனால் நனைந்தால் நீளும். முறுக்கும் இழுவையும் ஈரத்தில் தளரும். பாலிபுரொப்பிலீன் கயிறு வழுக்கும், வெயிலில் நாளடைவில் தூள்தூளாக உதிர்ந்து துணியில் ஒட்டும். பருத்தி பிடிப்பில் சிறந்தது. ஆனால் நனைந்தால் இழைகள் பருத்துக் கயிறு குறுகும், விறைப்பாகக் கட்டியிருந்தால் கொக்கியையே இழுக்கும், நீண்ட ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். தேங்காய் நார்க் கயிறு வெளிர்நிறத் துணியில் பழுப்புக் கறை விடும். கம்பியை முறுக்கிச் செருகலாம் என்று நினைக்கவே வேண்டாம். வளைந்து கொடுக்காது, துணியைத்தான் கிழிக்கும்.

கே: பயணத்துக்கென்று மூன்று புரி பின்னிய ரப்பர் கொடி வைத்திருந்தேன். ஒரு வருடத்தில் மேலெல்லாம் வெடிப்பு.

ப: லேடெக்ஸ் ரப்பர் வெயிலாலும் காற்றிலுள்ள ஓசோனாலும் வெடிக்கும். இழுத்துக் கட்டிய நிலையில் ஓசோன் இன்னும் வேகமாகத் தாக்கும். அதனால் பயன்படுத்தாதபோது அவிழ்த்து இருட்டில் வையுங்கள். நிரந்தரமாகக் கட்டிவைக்கும் பொருள் அல்ல அது. வளைத்துப் பார்த்தால் மயிரிழை வெடிப்பு தெரிகிறதா, தூக்கிப்போட்டுவிடுங்கள். இழுபட்ட ரப்பர் அறுந்தால் முகத்தில் அடிக்கும்.

கே: ஹேங்கரில் போட்டுக் கொடியில் மாட்டுகிறேன். காற்றடித்தால் எல்லாம் ஓடிப்போய் நடுவில் குவிகின்றன.

ப: கயிற்றில் 12 செ.மீ.க்கு ஒன்றாகக் கண்ணி போடுங்கள். கயிற்றை மடித்து, அந்த மடிப்போடேயே ஒரு சாதாரண முடிச்சு. மேலே 2 செ.மீ. கண் நிற்கட்டும். அதில் ஹேங்கரின் கொக்கியை மாட்டினால் நகராது. ஒவ்வொரு முடிச்சும் கயிற்றை விழுங்கும் என்பதால் கொடி நீளத்தைப்போல் ஏறத்தாழ இருமடங்கு கயிறு எடுத்துக்கொள்ளுங்கள். ஹேங்கர்களை ஒன்றுவிட்டு ஒன்று எதிர்த்திசை பார்க்க மாட்டுங்கள். ஒரே பக்கமாகப் பார்த்தால் ஒரே காற்று வரிசையாகக் கழற்றிவிடும். துருப்பிடிக்காத எஃகுச் சங்கிலி கட்டினால் முடிச்சு போடும் வேலையே இல்லை. கொக்கி நுழையும் அளவுக்கு வளையம் பெரிதா என்று வாங்கும் முன் பாருங்கள்.

கே: தொய்வே இல்லாமல் நேர்கோடுபோல் இழுத்துக் கட்டினேன். கொக்கி சுவரோடு பெயர்ந்து வந்துவிட்டது. துணி மொத்தமே 6 கிலோ இருக்காது.

ப: 6 கிலோதான், ஆனால் கொக்கி கண்டது வேறு கணக்கு. 4 மீட்டர் கொடியில் 6 கிலோ பரவலாகத் தொங்கும்போது நடுவில் 20 செ.மீ. தொய்வு இருந்தால் கொக்கியின் மேல் இழுவை 15 கிலோ. தொய்வை 10 செ.மீ. ஆக்கினால் 30 கிலோ. 5 செ.மீ. என்றால் 60 கிலோ. தொய்வைப் பாதியாக்கும் ஒவ்வொரு தடவையும் இழுவை இரட்டிக்கும்; முழு நேர்கோடு என்பது எந்தச் சுவராலும் முடியாத காரியம். சுமை ஏறிய நிலையில், நீளத்தில் இருபதில் ஒரு பங்கு தொய்வு இருக்கட்டும். இடைவெளி 6 மீட்டரைத் தாண்டினால் நடுவில் ஒரு தாங்குகோல் கொடுங்கள்.

கொக்கியைச் சுவரின் மேற்பூச்சில் மட்டும் திருகியிருப்பீர்கள் போலிருக்கிறது. பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் குறைந்தது 5 செ.மீ. போக வேண்டும். இரண்டு செங்கல்லுக்கு நடுவே உள்ள கலவையில் துளை விழுந்தால் அதை விட்டுவிட்டு வேறிடம் பாருங்கள்.

கே: இரட்டைக் கயிறு, நடுவில் நகரும் வளையங்கள் என்று ஓர் அமைப்பு பார்த்தேன். முறுக்குவதைவிட அது நல்லதா?

ப: காற்று அதிகமுள்ள மாடிகளுக்கு நல்லது. முறுக்காமல் இணையாகப் போகும் இரண்டு 4 மி.மீ. கயிறுகள்; அவற்றின் மேல் 9 மி.மீ. உள்விட்டமுள்ள வழவழப்பான வளையங்கள், 20 செ.மீ.க்கு ஒன்று. துணியின் முனையை இரு கயிறுகளுக்கு நடுவே நுழைத்து வளையத்தை அதன் பக்கம் தள்ளினால் இறுகிக்கொள்ளும். கயிறுகள் மட்டும் 8 மி.மீ.; துணியின் தடிமன் சேர்ந்தவுடன் மிச்சமுள்ள ஒரு மி.மீ. நிரம்பிவிடும், அவ்வளவுதான் சூட்சுமம். வளையம் 8 மி.மீ. என்றால் நகராது, 11 என்றால் இறுகாது. கொடியின் இழுவை குறைந்தாலும் இந்தப் பிடி குறையாது என்பது முறுக்குக் கொடியிடம் இல்லாத வசதி. ஆனால் வளையங்களைக் கயிறு கட்டும்போதே கோத்துவிட வேண்டும். ஒன்று உடைந்தால் கொடியையே அவிழ்க்க நேரும் என்பதால், தேவைக்கு மேல் நான்கைந்தை ஓர் ஓரமாகச் சேர்த்துக் கோத்து வையுங்கள்.

கே: செருகிய இடத்தில் துணியில் சுருக்கம் விழுகிறதே?

ப: பாதி காய்ந்ததும் செருகிய இடத்தை இரண்டு விரற்கடை தள்ளி மாற்றிச் செருகுங்கள். பின்னலாடைகளை ஓரத்தில் ஒரே புள்ளியில் தொங்கவிட்டால் அந்த இடம் கூம்பாக இழுபடும். குறைந்தது மூன்று இடத்தில் செருக வேண்டும். கம்பளி உடைகளை எந்தக் கொடியிலும் தொங்கவிடாமல் தட்டையாக விரித்துக் காயவையுங்கள். பட்டு போன்ற மெல்லிய துணி முறுக்கின் இடையில் நெரியும், ஆகவே அதை ஹேங்கரில் போட்டுக் கண்ணியில் மாட்டுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஈரத்துணியால் கயிற்றைத் துடைத்துவிடுங்கள். சுருக்கம் என்று நினைத்தது சில நேரம் கயிற்றின் அழுக்குக் கோடாக இருக்கும்.